என் வீட்டுக்காரரைத் தரையிறக்கிய டெரிக்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில், மாதா கோயில் மண்டபத்தில், போர் விமானியாக இருந்த டெரிக் அண்ணனுக்குப் பாராட்டு விழா. அவருக்கு வயது எழுபத்தொன்பது. மைக் பிடித்தவர் வானத்துப் புலி, எல்லைக் கழுகு என்று அளந்துகொண்டே போனார். வீர் சக்ரா பதக்கம் எதற்குக் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வரலட்சுமி, திருவொற்றியூர்க்காரி. அந்தப் பதக்கத்துக்குக் காரணமான காரியத்தால் பிழைத்தவர் என் வீட்டுக்காரர் மனோகரன். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

டெரிக்கின் அப்பா நீராவி இன்ஜின் டிரைவர். சிக்னலைப் பார்த்ததும் டிரைவர் வாய்விட்டுச் சொல்வார். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராமல் வண்டி நகராது. மகன் இந்தப் பழக்கத்தை விமானப்படைக்கே கொண்டுபோனார். போர் விமானத்தில் ஏறினால் உயரம், வேகம் எல்லாவற்றையும் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வாராம். கூட இருந்தவர்கள் ‘கூட்ஸ் வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததே, அவரோடு விமானியாக இருந்த எங்கள் வீட்டு மகாராஜாதான், சும்மா சொல்லக் கூடாது.

1971 டிசம்பர். ராஜஸ்தான் எல்லையில் எதிரி டாங்கிகளைத் தாக்கிவிட்டு, ஆளுக்கொரு விமானத்தில் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து சுட்டதில் என் வீட்டுக்காரருடைய விமானத்தின் கண்ணாடி மூடி நொறுங்கியது. இரண்டு கண்ணிலும் சில்லு. எதுவுமே தெரியவில்லை. ஆபத்தில் விமானியை வெளியே தள்ளிவிடும் இருக்கையும் அடிபட்டுக் கிடந்தது. கண் தெரியாமலே இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு.

டெரிக் தன் விமானத்தை ஒட்டினாற்போல் கொண்டுவந்தார். ரேடியோவில் ராயபுரம் பேச ஆரம்பித்தது.

“மாமு, பக்கத்துலயே கீறேன். நான் சொல்றத திருப்பிச் சொல்லு. மூக்க லேசா தூக்கு.”

“மூக்க லேசா தூக்கறேன்.”

இப்படியே இருபது நிமிஷம். டெரிக்குக்கும் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. நீ முதலில் இறங்கு என்று தளத்திலிருந்து உத்தரவு. இவனை இறக்கிவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். நடுவில் என் வீட்டுக்காரரிடமிருந்து பதில் நின்றுபோனது, மயக்கம்.

“டேய், வரலட்சுமி முழுகாம கீறா. அவகிட்ட போய் நான் இன்னாடா சொல்றது? வாயத் தொற. எடப்பக்கம் சாய்.”

கொஞ்ச நேரம் கழித்து, “எடப்பக்கம் சாயறேன்” என்று பதில் வந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு தரம் தூக்கிப் போட்டு, ஓடி, மணலில் போய் நின்றது விமானம். அடுத்து இறங்கிய டெரிக்கின் இன்ஜின் ஓடுபாதையிலேயே அணைந்தது. டேங்கில் சொட்டு எண்ணெய் இல்லை. கூட்ஸ் வண்டி என்று சிரித்தவர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன்பிறகு இருபது வருஷம் பறந்து, குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார்.

அந்தச் சண்டை நடந்து இரண்டு மாதம் கழித்து அவரே என் வீட்டுக்காரரைத் திருவொற்றியூருக்குக் கூட்டிவந்தார். இவருக்கு வலது கண் பிழைத்தது, இடது கண் போய்விட்டது. டெரிக் வாசல்படியைத் தாண்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஒரு கண்ணத்தான் காப்பாத்த முடிஞ்சுது தங்கச்சி. மன்னிச்சுக்கோ.”

எனக்கு வந்ததே கோபம். எட்டு மாத வயிற்றோடு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

“என் புள்ளைக்கு அப்பன கொண்டாந்து வுட்டுட்டு மன்னிப்பா கேக்குற? உள்ள வந்து குந்துண்ணா, சோறு ஆறுது.”