நான்கு வரிசைகளைக் கலைத்த காலை

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் நிலக்கடலை விளைந்துகொண்டிருந்த எங்கள் மேட்டுக்காட்டில் என் கணவர் கோழிப்பண்ணை வைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். தீவனம், முட்டை, லாரி எல்லாம் அவர் பொறுப்பு. கொட்டகைக்குள் நடக்கும் வேலை என்னுடையது. சேலத்தில் பி.யூ.சி. வரை கணக்கு படித்தவள் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். அதற்காகக் கோழிகளுக்கு எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி போட வேண்டும். மருந்தைக் கரைத்துவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாலும் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். கோழிகள் ஆயிரத்து அறுநூறு. கூண்டுக்கு நான்காக, நூறு நூறு கூண்டுகள் கொண்ட நான்கு வரிசைகள். ஒருத்தியே போட்டு முடிக்க முடியாது என்பதால் நான்கு பெண்கள் ஆளுக்கொரு வரிசையில் நிற்பார்கள். நான் பெட்டியின் அருகில் நின்று சிரிஞ்சுகளில் மருந்து ஏற்றித் தருவேன்.

நால்வரில் மூன்று பேர் உள்ளூர்க்காரர்கள், இளம் வயது, கை பறக்கும். நான்காமவர் நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஐம்பதை நெருங்கியவர். பேட்டையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் கோழியைப் பிடிப்பதே தனி நிதானம். இறக்கையை விரித்து, இறகு விலக ஊதிப் பார்த்து, தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியை இறக்குவார். நான்கையும் முடித்ததும் கூண்டின் முன்னாலிருக்கும் தீவனத் தகரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த கூண்டு.

மற்ற மூவரும் தங்கள் வரிசையை முடித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பேட்டையக்காவுக்கு இன்னும் முப்பது கூண்டுகள் பாக்கியிருக்கும். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். மூன்று ஜோடிக் கைகள் சும்மா இருக்க, ஒரு ஜோடிக் கைக்காக மருந்து கெடுவதா?

அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கு ஊசி போட்ட காலையில் நான் வரிசைகளைக் கலைத்தேன். யாருக்கும் சொந்த வரிசை கிடையாது, கை ஒழிந்தவள் அடுத்து நிற்கும் கூண்டை எடுத்துக்கொள்ள வேண்டும், கடைசிக் கூண்டு வரை நான்கு பேரும் ஓட வேண்டும் என்றேன். சாக்பீஸ் கோடு வேண்டாம், அதற்கு நேரமில்லை என்றும் சொன்னேன். பேட்டையக்கா ஒரு சந்தேகம் கேட்டார்.

"மருந்து நடுக்கூண்டுல தீந்து போச்சுன்னா எப்படிங்க அம்மிணி? நா பொட்டிக்கு வந்துட்டுப் போறதுக்குள்ள இன்னொருத்தி அங்க வந்துட்டா?"

பாதிக் கூண்டைப் பார்த்தாலே தெரியாதா, வருகிறவள் முடித்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு சிரிஞ்சை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தால் தெரியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட கோழிக்கும் போடாத கோழிக்கும் வெளியே எந்த அடையாளமும் இல்லை.

வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. என் கணவர் மலைத்துப்போனார். படித்தவள் படித்தவள்தான் என்று அன்று மதியச் சாப்பாட்டில் நாலு பேர் முன்னால் சொன்னார். ஆனால் நான் ஒன்றைப் பார்த்திருந்தேன்.

வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் இளையவள் ஒருத்தி இரண்டு கோழிகளுக்குப் போட்டதும் மருந்து தீர்ந்து, கூண்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பெட்டிக்கு ஓடிவந்தாள். அந்தக் கூண்டுக்கு வந்த இன்னொருத்தி, வேலை முடிந்து கதவு சாத்த மறந்த கூண்டு என்று நினைத்துச் சாத்திவிட்டு அடுத்ததுக்குப் போனாள். முதலாமவள் திரும்பும்போது அந்தக் கதவு சாத்தியிருந்தது. யாரோ முடித்துவிட்டார்கள் என்று அவளும் தாண்டிப் போனாள். மூன்றும் என் கண் முன்னால் நடந்தன. கூப்பிட்டு நிறுத்த வாயைத் திறந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். ஒரு கூண்டுதானே என்று நினைத்தேன். ஒன்றை நான் பார்த்தேன் என்றால் பார்க்காதவை எத்தனை என்று யோசிக்க அப்போது துணிவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழ ஆரம்பித்தன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போயிற்று. கொட்டகை முழுவதும் இல்லை. இங்கே ஒரு கூண்டில் இரண்டு, அங்கே ஒரு கூண்டில் மூன்று. செத்ததைக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். நாமக்கல்லிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் கூண்டு கூண்டாக நடந்து பார்த்துவிட்டு, மருந்தில் பழுதில்லை, இவற்றுக்கு ஊசியே விழவில்லை என்றார்.

என் கணவர் நான்கு பெண்களையும் கொட்டகை வாசலில் நிற்க வைத்தார். யார் விட்டது என்று கேட்டார். இளையவர்களில் ஒருத்தி, பேட்டையக்காதான் அன்று ரொம்பப் பின்தங்கிவிட்டார் என்று மெல்லச் சொன்னாள். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம் புள்ள, நீ அங்கதான நின்ன? யாரு?"

"அக்காவுக்குக் கை மெதுவுங்க," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைத்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் பேட்டையக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேட்டையக்கா சத்தம் போடவில்லை, அழவுமில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நா தொட்ட கூண்டு ஒண்ணுகூட வுடலீங்க அம்மிணி. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

நான் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த தொகுதிக்கு நான் பழையபடி ஆளுக்கொரு வரிசை கொடுத்தேன். எல்லோர் கையிலும் ஒரு சாக்பீஸ் கொடுத்து, கோடு போடாமல் நகரக் கூடாது என்றேன். அந்த மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. என் கணவருக்குப் புரியவில்லை.

மார்கழியில் நாமகிரிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு பேட்டையக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு மஞ்சள் மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உள்ளங்கை மஞ்சளேறிக் கிடந்தது. பாய் விரித்து உட்காரச் சொன்னார், டீ வைத்துக் கொடுத்தார். கோழிகளைப் பற்றி விசாரித்தார். மறுபடி வேலைக்கு வரச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். தப்பு உங்களுடையது இல்லை, எனக்கு அன்றே தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் என் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

"அவீககிட்டச் சொல்லீட்டீங்களா?"

என் கணவரைத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லீட்டு ஆள் அனுப்புங்க சாமி. வாரேன்."

அன்று மாலையே என் கணவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன். முட்டை விலை விழுந்து அவர் கடுகடுவென்றிருந்த மாதங்களில் சொல்லவில்லை. விலை ஏறி அவர் சிரித்துப் பேசிய மாதங்களில், அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

கடைசியில் ஒருநாள் தீவன மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், எதுவும் யோசிக்காமல், முழுவதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பவே சொல்லியிருந்தீன்னா நானே போயிக் கூட்டிட்டு வந்திருப்பேனே புள்ள," என்றார்.

மறுநாளே இருவரும் பேட்டைக்குப் போனோம். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அக்கா கண் பார்வை மங்கி மகள் வீட்டோடு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊர்ப் பெயரும் சொன்னார்கள். இன்னொரு நாள் போகலாம் என்று என் கணவர் சொன்னார். நானும் சரி என்றேன். ஆத்தூருக்கு அப்போதே மணிக்கு ஒரு பஸ் இருந்தது. நான் போகவில்லை.