துண்டு துண்டாய் ஒரு செட்

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் நடந்த சண்டைக்கு ஒரு பாட்டுப் பெட்டிதான் காரணம். வெளியே அதைவிடப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது எனக்கும் தெரியும். அதில் எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இதில் எனக்கு அபிப்பிராயமும் இருந்தது, குரலும் இருந்தது. நான் கதைத்தால் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்று என் மனுசன் சொல்லுவார்.

அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பைலை மூடிவிட்டு வந்தால் நாதசுரம். டவுணில் ரெக்கோடிங் பார் கடையில் பதிந்தெடுத்த கெசட்டுகள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய வைத்திருந்தார். எங்களிடம் இருந்த பழைய ரேடியோவில் போட்டால் நாதசுரமும் தவிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. கெசட் ஓடுகிற டெக் தனியாக, சத்தத்தைக் கூட்டுகிற அம்ப்ளிபையர் தனியாக, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு தனியாக வாங்கி, அறையின் இரண்டு மூலையிலும் பெட்டிகளை வைத்தால்தான் நாதசுரம் ஒரு பக்கமும் தவில் ஒரு பக்கமுமாக வந்து நிற்கும் என்றார்.

எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியதில்லை. ஏறாவூரில் சவூதியால் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் காக்கா வெளிநாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே பெட்டி இருந்தது. ரேடியோ, கெசட், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே. மேலே கைபிடி. "தூக்கினா ஓடலாம் தங்கச்சி" என்றார். எங்கள் ஊர்களில் சாமான் விற்கத் தெரிந்தவர் சொல்லுகிற சொல் அது. அதற்குள் நாங்கள் மூன்று தரம் ஓடியிருந்தோம். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு, ஒருமுறை கோயிலுக்கு, ஒருமுறை எங்கே என்று தெரியாமலே.

"ஓடுற சனத்துக்கு நாலு பெட்டி என்னத்துக்கு மச்சான்?" என்று என் மனுசனிடம் கேட்டேன்.

"ஒண்டு பழுதானா அதை மட்டும் திருத்தலாம். உண்ட பெட்டியில ஒரு வயர் போனா முழுப் பெட்டியும் செத்துப்போகும்."

"வீட்டுக்குள்ள நாலு பக்கமும் வயர் இழுக்க நான் விடமாட்டன். வீடு எண்ட."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். இந்தச் சட்டத்தை நான் சண்டைக்குச் சண்டை எடுத்து வீசுவேன். அவருக்கு அது பழகிவிட்டது.

"வீடு உண்டதான் புள்ள, பாட்டு எண்ட" என்றார்.

கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன். தோற்கவில்லை, களைத்துப்போனேன். முதலில் டெக் வந்தது. பிறகு எங்கள் ஊர்த் தச்சர் பலாப் பலகையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுத்தார். டவுணில் ரேடியோ திருத்துகிற ஒருவர் அம்ப்ளிபையரைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் பாக்கி.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ரேடியோவும் செட், டீவியும் செட், கலியாண வீட்டில் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கியும் செட். அந்த வருடங்களில் அந்தச் சொல்லின் மேல் இன்னொரு பொருளும் ஏறியிருந்தது. இயக்கத்துப் பொடியன்கள் கையில் வைத்துப் பேசுகிற வோக்கி டோக்கிக்கும் செட் என்றுதான் பெயர். ஒருவனிடம் செட் இருந்தது என்றால் அவன் கதை முடிந்தது. அதனால் ரோட்டில் இறங்கும்போது சில சொற்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். பெற்ற பிள்ளையைக்கூட வெளியில் பொடியன் என்று சொல்லமாட்டோம், மகன் என்போம். செட்டும் அப்படி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய சொல். ஆனால் இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடித்ததில், எனக்கு அதன் முள் தேய்ந்துபோயிருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்ப்ளிபையரை எடுத்துவரப் போனோம். மேல் மூடி இன்னும் தயாராகவில்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்று திருத்துகிறவர் சொன்னார். என் மனுசனுக்குப் பொறுமை இல்லை. கந்தோரில் ஒரு பைலை ஆறு மாதம் வைத்திருக்கிற மனிதருக்கு இதற்கு ஒரு கிழமை இருக்க முடியவில்லை. பேப்பரில் சுற்றிக் கடதாசிப் பெட்டிக்குள் வைத்து அவர் தூக்கிக்கொண்டார். சிவப்பும் கறுப்புமான வயர்ச் சுருளை என் பையில் போட்டார்.

திரும்பும் வழியில் ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியில் பஸ் நின்றது. வழமைபோல எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அவருடைய முறை முதலில் வந்தது. ஆமிக்காரன் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும், இவர் ஏதோ சொல்லி நாதசுரம் ஊதுவதுபோல விரலை ஆட்டிக் காட்டுவதும் எனக்குத் தெரிந்தது. ஆமிக்காரன் சிரித்துவிட்டு, பெட்டியை மூடச் சொன்னான். அவ்வளவுதான், தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

பெண்களைச் சோதிக்கிற ஆமிப் பிள்ளை என் பையிலிருந்து வயர்ச் சுருளை எடுத்து, இது என்ன என்று கேட்டாள். இருபது வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில், "மனுசனுடைய செட்டுக்கு" என்று சொன்னேன். போதாததற்கு அவரைக் கையால் காட்டியும் விட்டேன்.

அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கத்தினாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பெட்டியை அவர் கையிலிருந்து பறித்தார்கள், பேப்பரைக் கிழித்தார்கள். உள்ளே மூடியில்லாமல், பெயரில்லாமல், பச்சைத் தட்டும் வயருமாக அந்தச் சாமான் கிடந்தது. ஏறாவூர்ப் பெட்டி என்றால் முகத்திலேயே கொம்பனிப் பெயர் எழுதியிருக்கும். அவரை முழங்காலில் இருத்தி, பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரிசையில் நின்ற ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டக்டர் மட்டும் "ஏறுங்க அக்கா" என்றார்.

இரண்டு நாள் காம்ப் வாசலில் நின்றேன். கந்தோர்ப் பெரியவரின் கடிதம், ஊர் விதானையாரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் கொண்டுபோனேன். அப்படி ஓர் ஆளே உள்ளே இல்லை என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பெண்கள் எங்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுடைய மனுசன்மார் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஓர் ஆமிப் பெரியவன் என்னை உள்ளே கூப்பிட்டான். மேசையில் அந்த அம்ப்ளிபையரும் வயர்ச் சுருளும் இருந்தன.

"பாட்டு மெசின் எண்டு சொல்றது. பாடச் சொல்லு" என்றான்.

பிளக்கைக் குத்தினேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். அது தனியே பாடாது என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அதற்குப் பாட்டைக் கொடுக்க ஒன்று வேண்டும், வாங்கி வெளியே விட இன்னொன்று வேண்டும். துண்டு துண்டாக வாங்கின சாமானில் ஒரு துண்டு ஊமை. ஒற்றைப் பெட்டியாக இருந்தால் அங்கேயே பாடித் தன்னைக் காட்டிக்கொடுத்து, அவரையும் மீட்டிருக்கும். எனக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் ஆத்திரமும் வந்தது.

மற்றத் துண்டுகளைக் கொண்டுவாறன் என்றேன். அவன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

வீட்டிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி வந்த ஓட்டோக்காரர் காம்ப் வளைவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டெக்கை ஒரு நடை, ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டு நடை என்று, வாசலில் காவல் நின்றவனின் துவக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மூன்று நடை நடந்தேன். பலாப் பலகை பிணம்போலப் பாரம். பிறகு மேசையில் எல்லாவற்றையும் வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கொழுவினேன். வயரே வீட்டுக்குள் வரக்கூடாது என்று நின்றவள் நான். ஒரு நுனி இரண்டு தரம் கழன்றது. கெசட்டைப் போட்டு அமத்தினேன்.

நாதசுரம் எழும்பியது. இவ்வளவு துலக்கமாக நான் அதுவரை கேட்டதில்லை. அவர் சொன்னதுபோலவே தவில் ஒரு பக்கம், நாதசுரம் ஒரு பக்கம். பெரியவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சத்தத்தைக் குறை என்றான்.

அடுத்த நாள் மத்தியானம் அவரை விட்டார்கள். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் குளித்தார். என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உயிரோடு வந்ததே போதும் என்று கண்ட கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். கூப்பிட்டால் சில வேளை திரும்பாமல் இருப்பார். பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே எல்லாவற்றையும் கொழுவினார். கதிரையை நடுவில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி, "இடப் பக்கப் பெட்டி வேல செய்யுதில்ல புள்ள. நீ கொண்டுபோகக்குள்ள அடிபட்டிருக்கும்" என்றார்.

வயரைக் கழற்றித் திருப்பிக் கொழுவினார். சரிவரவில்லை. இரண்டு பெட்டியையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். வலப் பக்கம் வந்த பெட்டி இப்போது பாடுகிறது, இடப் பக்கம் போன பெட்டி பாடவில்லை என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். குசினி வாசலில் நின்ற எனக்கு இரண்டு பெட்டியும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் கையைத் தூக்கி இடக் காதைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

செட்டை நிற்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீ சொன்ன ஒத்தப் பெட்டியையே வாங்கியிருக்கலாம்" என்றார். எந்தச் சண்டையிலும் நான் வெல்லக்கூடாது என்று நினைத்தது அன்றைக்குத்தான். "மூடி போடாம அவசரப்பட்டு எடுத்தது எண்ட பிழ புள்ள. உள்ளுக்க வயரக் கண்டதும் அவனுகள் பயந்திட்டானுகள்" என்றார்.

அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். மற்ற வரிசையில் நான் சொன்னது அவருக்கு அன்றைக்குக் கேட்கவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையை அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். சந்திவரைக்கும் கேட்கிற குரலை அடக்கி, "நான்தான் மச்சான் செட் எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு உங்களயும் காட்டினன்" என்றேன்.

அவர் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பி, "என்ன புள்ள?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

நான் நின்றது அவருக்கு இடப் பக்கத்தில். தெரிந்துதான் நின்றேன். வலப் பக்கம் போய் நின்று அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.