ஊசி அக்காவின் மேல்முறையீடு

சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. கையில் இருந்த ஊசியைப் பார்த்து வைத்ததா, வாயில் இருந்ததைப் பார்த்து வைத்ததா என்பதிலும் கடைக்குள் ஒத்த கருத்து கிடையாது. மின்விசிறி பழுதாகிவிட்டால் மற்றவர்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு முணுமுணுப்பார்கள். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அது சுத்துனாத்தான் என் கால் மிதிக்கும் முதலாளி" என்று மேலே கையைக் காட்டுவாள். அன்று மாலைக்குள் விசிறி சுற்றும்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் பதவிசானவள். வீட்டுக்கு யார் வந்தாலும் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வாள். அந்தப் பதவிசுதான் அவள் கணவரின் மூச்சுக்கு உலை வைத்தது.

அவர் பெயின்டர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தேய்த்துத் தேய்த்து அந்தத் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அரசின் மருத்துவ உதவித் திட்டத்தில் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் கொடுத்திருந்தார்கள். வாரந்தோறும் ஒரு நர்ஸும் வந்து போனார். மெஷின் லாரி மாதிரி போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி கேட்காது. "லாரி ஓட்டணும்னு சின்ன வயசுல ஆசை. இப்ப லாரிதான் என்னை ஓட்டுது" என்பார் பெயின்டர், மூக்கில் குழாயோடு.

ஆள் இளைக்க இளைக்க, ஊசி அவர் சட்டைகளைப் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். தோளிலிருந்து சட்டை வழிந்து தொங்குவதை அவளால் பார்க்க முடியாது. தையல்காரி புருஷன் அளவு சேராத சட்டை போடுவதா?

திட்டத்தின் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்ததும் வீட்டைக் கழுவித் துடைத்தாள். பெயின்டருக்கு முகம் மழித்து, சட்டை மாட்டி, முன்னறை நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தாள். மெஷின் ஓடினால் வந்தவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்குமே என்று அதை அணைத்து, துவைத்த போர்வையால் மூடினாள்.

ஆய்வாளர் தன்மையான மனிதர். தேநீரை வாங்கிக்கொண்டு, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் பெயின்டர்.

ஆய்வாளர் படியிறங்கித் தெருவைத் தொடுவதற்குள் பெயின்டரின் உதடு நீலமாகிவிட்டது. அவள் ஓடிப்போய் மெஷினைப் போட்டாள். கண் திறந்ததும் அவர் கேட்டது: "டீ நல்லா இருந்துச்சாமா?"

பிறகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நோயாளி தெளிவாகப் பேசுகிறார். நிமிர்ந்து அமர்கிறார். உடை அளவாக இருக்கிறது, எடை குறைந்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் பயன்பாட்டில் இல்லை. எனவே உதவி நிறுத்தப்படுகிறது, இயந்திரம் திரும்பப் பெறப்படும்.

"உடை அளவா இருக்காம்" என்றார் பெயின்டர். "உன் தையலுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடைக்காது, போ."

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் படித்துவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்து ஏதோ எழுதி நீட்டினார். மருந்துக் கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மருந்து இங்க இல்லம்மா, பக்கத்து ரூம்ல."

பக்கத்து அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பிஸ்கட் தின்றுகொண்டே எழுதும் ஓர் இளம் பெண் வக்கீல். இல்லாதவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேச மருத்துவமனையே வைத்திருந்த ஆள். சாப்பாட்டு நேரம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன் வக்கீலம்மா" என்று ஊசி ஆரம்பித்தாள்.

"யார் கெடுத்ததுன்னு அப்புறம் பாக்கலாம்க்கா. முதல்ல மேல்முறையீடு போடுவோம். அது முடியற வரைக்கும் மெஷினை யாரும் தொடக்கூடாது. சட்டம் அப்படித்தான். தொட வந்தா எனக்கு போன் பண்ணுங்க."

தொட வந்தார்கள். மேல்முறையீடு போட்ட செய்தி அலுவலகத்தின் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்ச் சேரவில்லை போலும். வேனில் வந்த இரண்டு பேர் கையில் கயிற்றோடு வாசலில் நின்றார்கள். ஊசி ஒரு முக்காலியை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, பாதியில் நின்ற சீருடைக் கால்சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு மேலிடத்து உத்தரவும்மா."

"எனக்கும்தான். பேசுங்க." வக்கீலுக்கு போன் போட்டு நீட்டினாள்.

வாங்கியவர் வெகுநேரம் எதிர்முனையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசியது எல்லாம் "சரிங்க மேடம்" மட்டும்தான். மற்றவர் மெல்ல, "அக்கா, கொஞ்சம் நகர்ந்தாத்தான் என்ன?" என்றார்.

"நகர்ந்தா எந்திரிக்கணும் தம்பி. எந்திரிச்சா எனக்குக் கோவம் வந்துரும்."

பெயின்டர் குழாய்க்குள்ளேயே சிரித்து இருமினார். வேன் வெறுமையாகத் திரும்பியது.

விசாரணைக்கு முன்பு வக்கீல் ஒரு யோசனை சொன்னாள். "அவரை வீல் சேர்ல கூட்டிட்டு வாங்க. பிடிச்சுத் தைக்காத பழைய சட்டை ஒண்ணு போட்டுவிடுங்க. ஷேவ் பண்ண வேண்டாம். பாத்தாலே புரிஞ்சிரும்."

"மாட்டேன்" என்றாள் ஊசி.

"அக்கா, இது ஜெயிக்கிறதுக்கு—"

"அவர் நோயாளி. பிச்சை எடுக்க உக்கார வெச்ச ஆளில்ல. என் கையால அவரை அலங்கோலமாக்கி நாலு பேர் முன்னாடி காட்ட மாட்டேன். நான் வரேன், நான் பேசுறேன். முடியாதுன்னா சொல்லுங்க."

வக்கீல் பிஸ்கட் பொட்டலத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "முடியும்க்கா. கொஞ்சம் கஷ்டப்படணும், அவ்வளவுதான்."

பெயின்டருக்குத் துணையாகத் தன் தங்கையை வீட்டில் விட்டுவிட்டு ஊசி விசாரணைக்குப் போனாள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவி. ஓரத்தில் அந்த ஆய்வாளர். வக்கீல் டாக்டரின் அறிக்கையைக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"அவர் எழுந்து நின்னதைப் பாத்தீங்களா சார்?"

"இல்லைங்க. உக்காந்தேதான் இருந்தார்."

"மூலையில போர்வை போட்டு ஒண்ணு மூடியிருந்துதே, என்னன்னு கேட்டீங்களா?"

ஆய்வாளர் நெளிந்தார். "அடுத்தவங்க வீட்ல மூடி வெச்சிருக்கிறதை எப்படிங்க திறந்து பாக்கிறது? சத்தம் கேக்கலை, அதனால ஓடலைன்னு எழுதினேன்."

"அப்ப நீங்களும் மரியாதை பாத்திருக்கீங்க" என்றாள் வக்கீல். "அவங்களும் பாத்திருக்காங்க. நடுவுல மாட்டிக்கிட்டது ஒரு மனுஷனோட மூச்சு."

தலைவி ஊசியைப் பார்த்தார். "நீங்க ஏம்மா அதை அணைச்சீங்க? ஆபத்துன்னு தெரியாதா?"

ஊசி எழுந்து நின்றாள். "தெரியும். அஞ்சு நிமிஷம் தாங்குவார்னு கணக்குப் போட்டேன். என் வீட்டுக்கு வந்தவர் கத்திப் பேச வேண்டாம்னு அணைச்சேன். அதை வெச்சு மெஷினையே பிடுங்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா சாரை வாசப்படியிலயே நிக்க வெச்சுப் பேசியிருப்பேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க காலையில ஆபீஸுக்குள்ள வரும்போது வேற என்ன சொன்னீங்க?"

மூவரில் ஒருவர் குனிந்து பேனாவைத் தேடினார்.

"அப்புறம் அந்தச் சட்டை. அளவா இருக்குன்னா அவர் இளைக்கலைன்னு அர்த்தமில்ல. நான் தையல்காரின்னு அர்த்தம்."

உத்தரவு சாதகமாக வந்தது. மெஷின் இருக்கும், நர்ஸும் வருவார். வக்கீல் அதை உரக்கப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தி வேகமாகத் தாண்டினாள். ஊசி விடவில்லை.

"அதைத் திரும்பப் படிங்க."

"மனைவியின் கவனக்குறைவால் இக்குழப்பம் நேர்ந்தது... விடுங்கக்கா. ஜெயிச்சுட்டோம்ல."

"அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதுங்க."

"கோவிச்சுப்பாங்க."

"கோவிச்சுக்கட்டும். ராத்திரி பகலா அவர் நெஞ்சு ஏறி இறங்குறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கா கவனக்குறைவு?"

வக்கீல் வெள்ளைத்தாள் ஒன்றை உருவினாள்.

பெயின்டர் அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். கடைசி மூச்சு வரை மெஷின் ஓடியது. அவர் போன பிறகு அது நின்ற வீட்டின் அமைதியில் ஊசியால் உட்கார முடியவில்லை; கடையிலேயே நெடுநேரம் இருந்தாள். திருத்திய உத்தரவு கைக்கு வந்ததும் அங்கிருந்தே வக்கீலுக்கு போன் செய்தாள்.

"அந்த வரியை எடுத்துட்டாங்க."

"அவர் இருந்து பாத்திருக்கணும்க்கா."

"ஆமா." ஊசி தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எடுத்திருக்காங்க, சரி. தப்பா எழுதிட்டோம்னு ஒரு வார்த்தை இல்லையே."

"அதெல்லாம் எழுத மாட்டாங்கக்கா. வழக்கமில்லை."

"கேட்டுப் பாத்திருக்கோமா?"

"இல்லை."

"அப்ப கேளுங்கம்மா. நான் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுறேன்."