மச்சானின் ட்ரோனும் ஒரு பதிவெண்ணும்

விண்ணப்பம் எழுதித் தரும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: படிவத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகில் இணையச் சேவை மையம் நடத்துகிறேன். நாள்தோறும் விழுப்புரத்திலிருந்து வந்து போகிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று ஒழுங்காக நடந்துகொண்டிருந்த மையத்துக்குள் சென்ற ஆண்டு ட்ரோன் நுழைந்தது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் மத்திய அரசின் தளத்தில் பதிவு செய்து, அடையாள எண் பெற்று, அதை ட்ரோனின் மேல் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஓடிபி வருமென்று கைப்பேசியை உற்றுப் பார்த்தே வாழ்நாளில் ஒரு பகுதியைக் கழித்த அன்பர்களே, இனி நான் சொல்லப்போகும் துன்பம் உங்களுக்குப் புதிதாக இராது.

ரெக்சின் உறை

தனசேகர் விழுப்புரத்தில் இருசக்கர வண்டிகளுக்கு இருக்கை உறை தைப்பவர். ட்ரோனை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார். விழுப்புரத்தில் மையங்களே இல்லையா என்று கேட்டேன். இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் தம் மனைவி மலர்விழிக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். அந்த விடையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டிருந்தது. இருநூற்றைம்பதுக்குள் அடங்கினால் மிகச் சிறிய வகை, கெடுபிடி குறைவு. ஆனால் தனசேகரை அவர் தொழில் சும்மா விடவில்லை. ட்ரோனுக்கு மெரூன் நிறத்தில் ரெக்சின் உறை தைத்து, ஓரத்துக்கு வெள்ளை பைப்பிங் கொடுத்து, நெற்றியில் திருவாமாத்தூர் கோயில் வாசலில் வாங்கிய சாமி ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். பக்கத்து இனிப்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 291 காட்டியது. இரண்டையும் நீக்கிவிடுங்கள் என்றேன்.

"உறைய வேணா கழட்டறேன் மேடம். சாமியில இன்னா வெயிட்டு இருக்கப் போவுது? அவரு நம்மளத் தூக்குவாரா, நம்ம அவரத் தூக்குவமா?"

உரிமையாளர் யார்?

உறை கழன்றது; ஸ்டிக்கர் நிலைத்தது. அடுத்து உரிமையாளர் பெயர். வாங்கிய ரசீதில் சதீஷ் என்று இருந்தது. சதீஷ் யார் என்று கேட்டதும் தனசேகரின் குரல் இறங்கிவிட்டது. மலர்விழியின் தம்பியாம், ஓமனில் வேலையாம். போன விடுமுறையில் சென்னையில் வாங்கிய ட்ரோனையும், அதை இயக்கும் பழைய கைப்பேசியையும் அக்காவின் பீரோவில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். மலர்விழி வெளியே போகும் போதெல்லாம் தனசேகர் அதை மொட்டை மாடியிலிருந்து நான்கு மாதமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் இன்னும் மூன்று வாரத்தில் விடுமுறைக்கு வருகிறார். அதுவரை காவல்துறையிடம் அகப்படாமலிருக்க எண் வேண்டும். ஆனால் மச்சானுக்கும் மனைவிக்கும் இது தெரியக் கூடாது. உரிமையாளரின் ஆவணமும், அவருடைய கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் இல்லாமல் பதிவு நடவாது என்று தெளிவாகச் சொன்னேன்.

"பீரோ என்னுது, பீரோ சாவி என்னுது, தெனம் சார்ஜ் போடற கரண்டும் என்னுது. ட்ரோன் மட்டும் எப்பிடி மேடம் அவனுது ஆவும்?"

கூட்டினால் ஆறு

தனசேகர் பையோடு திரும்பிப் போன அதே வாரத்தில் திண்டிவனம் அரிசி ஆலைக்காரர் கண்ணப்பன் தம் ட்ரோனைப் பதிவு செய்ய வந்தார். ஆவணங்கள் யாவும் கோப்பில் வரிசையாக இருந்தன. என் கண்கள் குளிர்ந்தன. ஆனால் அவருக்குக் கூட்டுத்தொகை ஆறு வரும் எண்தான் வேண்டும். கார், டிராக்டர், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் ஆறுதானாம். எண்ணைத் தளமே ஒதுக்குகிறது, நமக்குத் தேர்வில்லை என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பு அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன்.

எண் வந்தது. அங்கேயே நின்று கூட்டினார், எட்டு. இடையிலிருந்த ஆங்கில எழுத்துகளுக்கும் மதிப்பிட்டுக் கூட்டினார், மூன்று. பிறகு தம் வீட்டின் கதவிலக்கத்தைச் சேர்த்தார். இந்தக் கணக்கு எப்போது முடியும் என்று கேட்டேன்.

"ஆறு வர்ற வரைக்கும் கூட்டிக்கினே இருப்பேன் மேடம். கவர்மெண்ட்டு குடுத்தது பாதி, மீதிய நம்மதான் பாத்துக்கணும்."

மல்லாட்டையின் மேல்

இரண்டரை வாரம் கழித்துத் தனசேகர் பையில்லாமல் வந்தார். விழுப்புரத்தில் பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போய்ப் பறக்கவிட்டிருக்கிறார். காற்று அடித்தது. ட்ரோன், தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்த வேர்க்கடலையின், எங்கள் பக்கச் சொல்லில் மல்லாட்டையின், நடுவே விழுந்தது. நிலத்துக்காரப் பெண்மணி அஞ்சலை கோழியைக் கூடையால் மூடுவது போல அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து, முறத்தோடு கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். தனசேகர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தலைமைக் காவலர் கேட்டது ஒன்றே: பதிவெண் எங்கே? பதிவுச் சான்றைக் காட்டினால் பொருளைத் தருகிறோம் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சதீஷ் வர இன்னும் நான்கு நாள். பீரோவில் வெறும் பெட்டி இருக்கிறது. அந்த அம்மாவிடமாவது பேசிப் பார்த்தீர்களா என்றேன். பேசினாராம். அஞ்சலை சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார்:

"நம்பர் இருந்தா உன்னுதுன்னு குடுத்திருப்பேன்யா. நெத்தியில சாமி இருந்துச்சு. கோயில் சாமான்னு கும்புட்டுட்டுத்தான் ஸ்டேஷன்ல குடுத்தேன்."

ஓமனுக்கு ஓர் அழைப்பு

உரிமையாளரிடம் சொல்வதைத் தவிர வழியில்லை என்றேன். தனசேகர் இரண்டு தேநீர் குடித்தார். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டுத் துண்டித்தார். ஆவணங்களை அவரிடம் நானே விளக்க வேண்டியிருக்குமாதலால் ஒலிபெருக்கியில் பேசச் சொன்னேன். ஓமனில் வெயில் எப்படி என்று தொடங்கினார். அங்கே சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு ஒரே மூச்சில் பீரோ, மாடி, மல்லாட்டை, முறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. ஆவணங்களை உடனே அனுப்பினார்; ஓடிபியின் ஆறு இலக்கங்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இணைப்பைத் துண்டிக்கும் முன் தனசேகரிடம் சொன்னது இது:

"அந்தப் பழைய போனு என் அக்கவுண்ட்ல இருக்கு மாமா. நீங்க வுடற ஒவ்வொரு தபாவும் வீடியோ எனக்கு வந்துக்கினு இருக்கு. நாலு மாசமா உங்க வழுக்கையத்தான் பாத்துக்கினு இருக்கேன், அக்காவுக்கும் அனுப்பிக்கினு இருக்கேன்."

உரிமை மாற்றம்

பதிவுச் சான்றைக் காட்டித் தனசேகர் ட்ரோனை மீட்டுவிட்டார். மறுவாரம் விடுமுறைக்கு வந்த சதீஷ், மலர்விழி, தனசேகர் மூவரும் என் மையத்துக்கு வந்தனர். மாமாவுக்கு இவ்வளவு ஆசையிருந்தால் ட்ரோன் விழுப்புரத்திலேயே இருக்கட்டும் என்று சதீஷ் சொன்னார். தனசேகர் சட்டைப் பையிலிருந்து தம் ஆதார் நகலை எடுத்து என் மேசைமேல் வைத்து, சுருக்கம் போகத் தடவியும் விட்டார். நான் உரிமை மாற்றப் பக்கத்தைத் திறந்து, யார் பெயருக்கு என்று முறைப்படி கேட்டேன். அக்கா பேருக்கு என்றார் சதீஷ்.

மலர்விழி எல்லா விவரங்களையும் பிழையின்றிச் சொன்னார். ஓடிபியைக் கேட்கும் முன்பே படித்தார். இப்படி ஒரு விண்ணப்பதாரரை நான் கண்டதில்லை. தனசேகர் ஆதார் நகலை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையாவது கிடைக்குமா என்பது போல மனைவியைப் பார்த்தார். மலர்விழி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வெள்ளத் தாள்ல மனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க மேடம். வுடலாமா வேணாமான்னு நான் பாத்துச் சொல்றேன்."

விதிகளை முதலிலிருந்து இறுதிவரை இருமுறை படித்துவிட்டேன். மனைவி அனுமதி மறுத்தால் மேல்முறையீடு எந்த அலுவலரிடம் என்பது மட்டும் எந்தப் பிரிவிலும் குறிப்பிடப்படவில்லை.