நுங்கு வண்டியும் ஐவியின் தாளும்

சாந்தோம் குப்பத்தில் ஆரோக்கியமேரி மாதிரி நுங்கு வண்டி செய்ய ஆள் கிடையாது. வயசு ஒன்பதுதான். மற்ற பிள்ளைகள் நுங்கைத் தின்றுவிட்டுக் காயைத் தூக்கி எறியும். இவள் ஒரே அளவாக இரண்டு காயைப் பொறுக்கி, நடுவே குச்சி செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவாள்.

நாற்பத்தாறாம் வருஷக் கோடை. காஸ்பர் என்கிற தடியன், "பொட்டப்புள்ள வண்டி கோயில் கேட்டத் தாண்டுமா?" என்று கேட்டுவிட்டான். மேரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பந்தயம். அவள் வண்டியில் ஒரே குறை, கவை உரசுகிற இடத்தில் குச்சி இறுகிக்கொள்ளும். நைனா அல்போன்ஸ் கட்டுமரத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயில் ஒரு கொட்டாங்குச்சி மொண்டு வந்து தடவினாள். அம்மாடி, அதென்ன நாற்றம்! ஆனால் வண்டி பறந்தது.

பார்த்தவள் ஐவி ஒருத்திதான். வாத்தியார் மகள், மேரியின் உயிர்த்தோழி. "சத்தியமா சொல்லமாட்டேன்" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐவிக்கு அந்த ஞாயிறு புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. செய்த பாவங்களைத் தாளில் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பொய், ஒரு சண்டை, அதற்குமேல் தேறவில்லை. அடுத்தவர் பாவத்துக்கு உடந்தையாக இருப்பதும் பாவம் என்று படித்தது ஞாபகம் வந்தது. 'ஆரோக்கியமேரி எண்ணெய் திருடியபோது பார்த்துக்கொண்டு நின்றேன்' என்று எழுதினாள். அடுத்தவர் பேரைச் சொல்லக்கூடாது என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. எழுதியதோடு விட்டாளா? எழுத்துப் பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்தாள்!

அந்தம்மா நேரே மேரியின் குடிசைக்கு வந்துவிட்டாள்.

அவள் போனதும் அல்போன்ஸ் கத்தினார். "வாத்தியார் ஊட்டம்மா வாசல்ல நின்னு என் பொண்ணத் திருடின்னு சொல்லிட்டுப் போறாங்க!" அடிக்கவில்லை. வண்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார். எண்ணெய் ஊறிய குச்சி குபீரென்று பற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காஸ்பர் தனியாக ஓடி ஜெயித்தான். ஐவி வெள்ளை கவுனில், கையில் மாதா படத்தோடு வந்தாள்.

"மேரி, என் பாவமெல்லாம் போயிடுச்சு. இந்தப் படம் உனக்குத்தான்."

"உன் பாவம் போச்சு, என் வண்டியும் போச்சு. சத்தியம் பண்ணியே! உன்னப் போயி நம்பினேனே!"

"சாமியே மன்னிச்சிட்டாரு, நீ இன்னா கோச்சிக்கிற?"

மேரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். படத்தை வாங்கவேயில்லை.

மறு வருஷம் புது நன்மைக்கு மேரியின் முறை. முழங்காலிட்டு, எண்ணெய் திருடியதை ஒழுங்காகச் சொன்னாள்.

"யார் மேலயாவது வன்மம் இருக்கா, மகளே?" என்று சாமியார் கேட்டார்.

"இல்ல சாமி" என்றாள். பொய்யென்று தெரிந்தேதான் சொன்னாள்.