கோடு போடாத வால்

கோவையில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் சோதனை எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான மனிதர், முழங்கைவரை மடித்த சட்டை. எலிகளிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

பாகல் விதையிலிருந்து பிரித்த புரதம் புற்றுக்கட்டியைக் கரைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு கூண்டுகளிலும் கட்டி வளர்ந்த வெள்ளெலிகள், கூண்டுக்கு எட்டு. ஒரு கூண்டுக்குப் புரதம், மற்றதற்கு வெறும் உப்புநீர். புரதம் செலுத்திய எலியின் வாலில் மையால் கோடு இடவேண்டும்.

கைக்குழந்தையைக் காய்ச்சலோடு வீட்டில் விட்டுவந்த நாள் அது. உப்புநீர்க் கூண்டில் ஒன்று சுருண்டு கிடந்தது. தாங்கமுடியாமல் அதற்கும் புரதத்தைச் செலுத்திவிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று கோடு மட்டும் போடவில்லை.

மறுநாள் அவர் மருந்துக்குப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அளவு குறையுதுங்களே?"

"பாவமா இருந்துச்சுங்க. ஒண்ணே ஒண்ணுக்குத்தான்."

"எந்த எலிக்குங்க போட்டீங்க?"

கூண்டைப் பார்த்தேன். எட்டும் ஒன்றுபோலவே சுருண்டு கிடந்தன.

"அப்ப எட்டும் வீணுங்க," என்றார். பேராசிரியரும் அதையே சொன்னார். எட்டையும் கொன்றுவிட்டு, புதிதாக எட்டுக்குக் கட்டி வளர்க்கவேண்டும்.

"நீங்களே செஞ்சுபோடறீங்களா?" என்று அவரிடம் கெஞ்சினேன்.

"எரக்கப்பட்ட கை இருக்குதுங்களே அம்மணி, அதே செய்யட்டுங்க," என்று முதல் எலியை நீட்டினார்.

மூன்றாவதில் அழுதேன். "மெதுவா செய்யுங்க, அவசரமில்லீங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையை என்னவென்று சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.