பிடிக்குப் புள்ளி இல்லை

இன்று காலை மொன்றியலில், லொங்குய்ய் போகிற மெட்ரோவில் சுதன் பக்கத்தில் வந்து இருந்தான். பள்ளிக்கூடக் கூட்டாளி. உண்மையான வீரர்களை ஆளுக்காள் பிரித்து வைத்து, அவர்களின் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் எங்கள் ஃபாண்டஸி பேஸ்போல் லீக்கிலும் இருக்கிறான்.

நான் ஃபோனில் என் அணியிலிருந்து ஒரு அவுட்ஃபீல்டரை, வேலியோரம் நின்று பந்து பிடிக்கிறவனை, தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தான்.

"டேய், அவனை ஏன்டா தூக்கிறாய்? நேற்று மதிலோட மோதிப் பிடிச்சதைப் பாத்தனியே?"

"பாத்தனான். எங்கட லீக்கில அடிச்சாத்தான் புள்ளி, பிடிக்கு இல்லை. இவன் அடிக்கிறதே இல்லை. கணக்குப்படி பூச்சியம்."

இதை எத்தனை தரம்தான் விளக்குவது?

சுதன் சிரித்தான். "அப்ப சின்னனில கோட்-டெ-நேஜ் பார்க்கில விளையாடேக்க உன்னை ஏன்டா முதல் ஆளாக் கேட்டு எடுத்தனாங்கள்? நீ ஒருநாளாவது அடிச்சனியே?"

இல்லை. என் மட்டையில் பந்து பட்டதே அபூர்வம்.

ஆனால் பந்து மேலே எழும்பினால் எல்லாரும் என் பெயரைத்தான் கத்துவார்கள். வேலியோரம் பின்னால் ஓடி, விழுந்து பிடித்துக்கொண்டு எழும்ப முதல், முழு அணியும் எனக்கு மேலே கிடக்கும். புல் மணமும் வியர்வையும். அவர்களில் பாதிப்பேர் இப்போது டொரன்டோவில். லீக்கில் பெயரை மட்டும் பார்க்கிறேன்.

இறங்கும்போது அந்த அவுட்ஃபீல்டரைத் தூக்காமல் அணியிலேயே விட்டுவிட்டேன். இந்தக் கிழமை தோற்பேன், தெரியும்.

பார்க்கில் என்னோடு விளையாடினவர்களே, நான் அடிச்ச ஒரு அடியாவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை.